ஒரு சாண்

ஜீரோ கேட்டுக்கு இன்னும் நூற்று நாற்பது வண்டி.
எண்ணிக்கொண்டு வந்தவன்
காசிமேட்டுத் திருப்பத்தோடு நிறுத்திவிட்டான்,
அதற்குமேல் எண்ணினால் சோறு இறங்காதாம்.

என் முதுகில் இருப்பது இறால்.
மைனஸ் பதினெட்டில் தூங்குகிறது.
அதற்கென்று தனி மோட்டார், தனி டீசல்,
மணிக்கொருமுறை முள்ளைப் படம் பிடித்து
முதலாளிக்கு அனுப்ப வேண்டும்.
அது கக்கும் சூடெல்லாம் என் கேபின் முதுகில்.
கேபினிலும் ஏசி உண்டு. பொத்தானும் உண்டு.
தொட்டால் சம்பளத்தில் தெரியும்.

ஆகவே கத்திரியின் ஒன்பதாம் நாள்
டிரெய்லருக்கும் கடலோரக் கருங்கல்லுக்கும் நடுவே
கூடாரம் போட்டேன்.

நாலு வருஷம் சவூதி மணலில்
தண்ணீர் லாரி ஓட்டியவன்.
அங்கே மதியத்தில்
வண்டியின் நிழலே வண்டிக்கடியில் ஒளிந்துகொள்ளும்.
முதல் நாள் வெள்ளித்தாளை
உடம்போடு சுற்றிக்கொண்டு படுத்தேன்.
பொட்டலம் கட்டிய பிரியாணிபோல்
புழுங்கி எழுந்தேன்.
அப்புறம்தான் புரிந்தது:
துணிக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் கட்டணும்.
வெள்ளி திருப்பி அனுப்பியது போக
தப்பி இறங்குவதைக்
காற்று வாரிக்கொண்டு போகணும்.

போன நடையில் ஒரு காலிப் பெட்டியின்
உள்சுவரில் ஒட்டிக்கிடந்த தாள் இது,
குமிழ் குமிழாய், ஆள் நீளத்துக்கு ஒன்றரை.
ரெண்டு மூங்கில், அறுந்த வலையின் நைலான் கயிறு.
கீழே என் லுங்கி, மேலே வெள்ளி,
நடுவில் ஒரு சாண் எண்ணூர்க் காற்று,
கரித்தூளும் கருவாடும் சரிபாதி.

படுத்தேன்.
மூன்று நாளில் முதல்முறையாக
காது மடல் ஆறியது.

அரைமணி இருக்கும்.
கரண்டியோடு வந்து நின்றாள் கூழ்வண்டி தேசம்மா.
"இன்னாபா, உன் வெயில எங்கூழுல ஊத்துற?"

எழுந்து பார்த்தேன்.
சாலைக்கு அந்தப்பக்கம் அவள் தள்ளுவண்டிமேல்
ஒரு வெள்ளைச் சதுரம்
மோர்மிளகாய்த் தட்டை எரித்துக்கொண்டிருந்தது.

"அது சூரியனோடதும்மா."

"சூரியனோடதுன்னா தலமேல வரும்.
இது மூஞ்சில வருது. ஒன்னுதுதான்."

பதில் இல்லை. கயிற்றைத் தளர்த்திச் சாய்த்தேன்.
பின்னால் ராணிப்பேட்டைத் தோல்வண்டியில்
ஜபருல்லா தூக்கத்திலிருந்தே திட்டினான்.
கடல்பக்கம் திருப்பினேன்.
யாரோ கூப்பிடுவதாய் நினைத்து
ஃபைபர் படகில் ஒருவன் கையாட்டினான்,
வேறு வழியில்லாமல் நானும் ஆட்டினேன்.

கடைசியில் மல்லாக்கக் கட்டினேன்,
வந்த வழியே போகட்டும் என்று.
ஆனால் சூரியன் நிற்குமா,
நம் வரிசையா அது?
மணிக்கொருமுறை இறாலைப் படம் பிடித்ததும்
தாளையும் ஒரு விரல் நகர்த்தினேன்.

ரெண்டரைக்கு ஒரு சொம்பு கூழ் வந்தது.
காசு எடுத்தேன், முறைத்தாள்.
மூணு மணிக்கு ஆள் வரத்து நின்றதும்
மோர்ப்பானையைத் தூக்கிவந்து
என் லுங்கி நிழலில் வைத்தாள்.
பானை இருந்தால் அவளும் இருக்கணும் இல்லையா,
அண்ணாந்து அந்த இடைவெளியையே பார்த்தாள்.
"ரெண்டயும் ஒட்டிக் கட்டினா
துணி மிச்சமாவும்ல?"
"ஒட்டினா சுடும்."
"ம்ம்" என்றாள்,
புருஷனைப் பற்றிக் கேட்டதுபோல.

நாலேகாலுக்கு முன்னால் ஒரு ஹாரன்.
அப்புறம் அத்தனையும்.
வரிசை நகர்கிறது!
முடிச்சை அவிழ்க்கக் கை போனது,
பானைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டியபடி
வாய் லேசாய்த் திறந்து
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விட்டுவிட்டு ஏறினேன்.
மூன்று வண்டி நீளம். அவ்வளவுதான்.
மறுபடி பிரேக்,
மறுபடி முதுகில் இறாலின் உஷ்ணம்,
இருக்கையில் ஒட்டும் சட்டை.
நூற்று முப்பத்தேழு.

பக்கக் கண்ணாடியில் திடீரென்று வெளிச்சம்,
நேராக என் கண்ணுக்குள்.
கையால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.
அவள் எழுந்திருந்தாள்.
ஒரு கையில் கரண்டி,
மறுகையில் அவிழ்த்த தாளின் ஒரு முனை.
அதை இப்படியும் அப்படியும்
ஆட்டிக்கொண்டிருந்தாள்.