ஆறு நிறுத்தம்

பட்டியலை முன்கண்ணாடியில் ஒட்டியவர்
ஓய்வுபெற்ற தபாலதிபர் நாகமுத்து.
வவுனியாவில் இருந்தே தட்டச்சு செய்து வந்திருந்தார்:
மாமாங்கம், கோட்டை, கொக்கட்டிச்சோலை,
மண்டூர், திருக்கோவில், உகந்தை.
ஆறு நிறுத்தம், ஒரு பகல், பதினொரு பேர்.
டீசல் அவர்களுடையது. பகல் சாப்பாடும்.
வான் என்னுடையது;
பின்கண்ணாடியில் மகளின் பெயர், சப்ரா.

மாமாங்கக் குளத்தில் எல்லோரும் முழுகினார்கள்.
தபாலதிபரின் கதலிச் சீப்போடு
குரங்கொன்று மரமேறிவிட்டது.
புவனமலரக்கா மட்டும் படியில் நின்றார்,
சேலைக்கரை நனையாமல்.
'இறங்கேல்லையோ?'
'இது செத்தவைக்காக முழுகிற குளம்.
அவன் செத்தானெண்டு
எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.'
மற்றவர்கள் துவாய் பிழிந்தார்கள்,
தேவைக்கு அதிகமான நேரம்.

கோட்டையில் அரைமணி.
ஒல்லாந்தப் பீரங்கி இன்னும்
வாவியைத்தான் குறிபார்க்கிறது.
அதன் வாய்க்குள் யாரோ செருகிப் போன
யோகட் கோப்பை.

கொக்கட்டிச்சோலைக் கல்நந்தி
பறங்கித் தளபதிக்கு முன்னால் எழும்பிப்
புல்லுத் தின்று சாணமும் போட்டதாம்.
'சாணம் எங்க?' என்றாள் தர்சிகா, ஆறு வயது.
பெரியவர்கள் சிரித்தார்கள்.
பிறகு இரண்டு பேர்
நந்தியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள்.

மண்டூரில் கப்புகனார்
வாயைத் துணியால் கட்டிக்கொண்டு
திரைக்குப் பின்னால் போனாராம்.
நான் வெளியே, இருபத்திரண்டு செருப்புகளோடு.
மந்திரம் கேட்கவில்லை, மணி மட்டும்.
பேசாமல் செய்யும் காரியத்தில்
எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

வானைப் பாதையில் ஏற்றிக்
குருமண்வெளிக்கு வந்தோம்.
கல்முனைக் கடற்கரைப் பள்ளி பட்டியலில் இல்லை.
ஆனாலும் தபாலதிபர் நிறுத்தச் சொன்னார்.
உண்டியலில் நூறு ரூபாய் போட்டுவிட்டு வந்து
பட்டியலின் ஓரத்தில் பென்சிலால்
ஒரு கோடு இழுத்தார்.

காரைதீவு கழிந்து வயல் தொடங்கும் இடம்.
மருதமரம்.
ஹோன் அடித்தேன், ஒருமுறை.
குறுக்கே மாடில்லை, ஆளில்லை.
அந்த மரத்தில்தான் வாப்பாவின் சைக்கிள் சாத்தியிருந்தது.
சைக்கிள் மட்டும்.
கரியரில் மீன்பெட்டி,
ஐஸ் பாதிகூட உருகவில்லை.
உள்கண்ணாடியில் அக்காவின் கண்
ஒரு கணம் என்னில் நின்று
வயலுக்குப் போனது.

திருக்கோவிலில் கடல் இரைந்ததால்
யாரும் யாரோடும் பேசவேண்டி இருக்கவில்லை.

கோமாரிக்கு முன்னால், ஒரு மதகு.
'தம்பி, இதில நிப்பாட்டுங்கோ.'
தபாலதிபர் பட்டியலைப் பார்த்தார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அக்கா தனியே இறங்கினார்.
கற்பூரம் இல்லை, தேங்காய் இல்லை.
மதகின் கட்டில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்து
வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்,
பஸ்ஸுக்கு நிற்கிறவரைப் போல.
அக்கரைப்பற்று பஸ் ஒன்று வேகம் குறைத்தது.
கையை அசைத்துப் போகச் சொன்னார்.
பதினொரு நிமிடம்.
ஏறும்போது சொன்னார்:
'அப்ப இந்தக் கட்டுக்கு
சீமெந்து பூசியிருக்கேல்லை.'

உகந்தையில் கல்லாய்ப்போன ஓடம் காட்டினார்கள்,
முருகன் வந்திறங்கியதாம்.
அதற்கப்பால் காடு.
ஆடியில் நடந்து போகிறவர்களுக்குத் திறக்கும் கதவு
இப்போது பூட்டில் இருந்தது.
தர்சிகா கல்லோடத்தைத்
தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

திரும்பும்போது இரவு.
பத்துப்பேரும் நித்திரை,
தபாலதிபரின் வாய் திறந்தபடி.
மதகில் வேகம் குறைத்தேன். அக்கா எதுவும் சொல்லவில்லை.
அக்கரைப்பற்று, நிந்தவூர்.
வெளிச்சம் மருதமரத்தில் பட்டு விலகியது.

பின்னாலிருந்து குரல்:
'தம்பி, ஹோன் அடிக்க மறந்திட்டீங்கள்.'

'மறக்கல்லக்கா, புள்ள நித்திர.'

'எழும்பட்டும்.'