ஐம்பது பென்னி ரசீது

புல்லுக்கு மானம் கிடையாது, சட்டத்தில்.
அதைச் சொன்னவர் ஹாலிஃபாக்ஸ் வழக்கறிஞர்
ஷகுஃப்தா மிர்,
ஈரக் குடையை எங்கள் கிளப் ரேடியேட்டரில் சாய்த்துவிட்டு.
“உங்கள் பெயரை அவர் எழுதவில்லை, ஐரிஸ்.
திருடி என்றோ குடிகாரி என்றோ எழுதியிருந்தால்
அவதூறு என்று போயிருப்பேன்.
எழுதியது புல்லைப் பற்றி.”

கிளஃப் லேன் பந்துத் திடலில்
தடைசெய்த பூச்சிமருந்து ஊறிக் கிடக்கிறது,
விரல் பட்டால் கொப்புளம்.
நகராட்சிக்கு ஒரு கடிதம், மாவட்டப் போட்டிக் குழுவுக்கு ஒன்று,
கோப்பைக்குப் பணம் தரும் பீர் ஆலைக்கு ஒன்று.
மூன்றிலும் டெனிஸ் பாரக்ளஃப்,
பள்ளியில் பரிசு வாங்கிய அதே சாய்வெழுத்து.

கார் நிறுத்தும் இடத்தை விற்றுவிடலாம் என்று
ஏப்ரல் கூட்டத்தில் எழுந்தவன்.
ஒன்பதுக்கு முப்பத்தொன்று.
எண்ணிச் சொன்னது நான்.

கெட்டிக்காரன் பொய் எட்டு நாளைக்கு என்பார்கள்.
இது பதினான்கு மாதம் எங்களோடு குடியிருந்தது,
வாடகை நாங்கள் கட்டினோம்.

மண்ணை ஆறு சீசாவில் அடைத்து லீட்ஸுக்கு அனுப்பினோம்.
சுண்ணாம்பு கொஞ்சம் குறைவாம், வேறொன்றுமில்லை.
நஷ்டத்துக்கும் கணக்கு இருந்தது:
கைவிட்டுப் போன போட்டி, ரத்தான ஒரு கல்யாண விருந்து,
திறக்காமலே புளித்த பீப்பாய் பதினொன்று.

“பொய் என்றால் போதாது,” என்றார் மிர்.
“பொய் என்று தெரிந்தே எழுதினார் என்று வேண்டும்.
நம்பித்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால்
கதவு சாத்தியாயிற்று.”

ஒருவன் மண்டைக்குள் இருப்பதை
எந்தச் சீசாவில் அடைத்து அனுப்ப?

எங்கள் ஆட்டத்துப் பந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.
உருண்டைதான்.
ஒரு பக்கம் கனம் கூட்டிச் செய்திருப்பது
வேகமாக ஓடும்போதும் தெரியாது.
தளரும்போதுதான் சாயும்.

மூன்று இரவு அலமாரியைக் கொட்டிக் கவிழ்த்தேன்.
பழைய சாவிகள், உறுப்பினர் அட்டைகள்,
1987-இன் உருளைக்கிழங்கு பில்.
அடியில் அபராதப் புத்தகம்.
தாமதத்துக்கு இருபது, கெட்ட வார்த்தைக்கு முப்பது,
திடலில் நாயை விட்டால் ஐம்பது பென்னி.

மே பதினாறு, புதன், மாலை ஏழு.
டி. பாரக்ளஃப். நாய் பெஸ்.
கீழே அவனே போட்ட சாய்வெழுத்து.

கடிதங்களின் தேதி மே பதினைந்து.

பெஸ்ஸை உங்களுக்குத் தெரியாது.
பதின்மூன்று வயது விப்பெட், வயிறு சரியில்லாதது,
பச்சையைக் கண்டால் பசுவாகிவிடும்.
அதற்காகக் கோழியை எலும்பெடுத்து வேகவைப்பான்.
மழையில் குடை அதற்குத்தான், இவன் நனைவான்.
மனைவி போனபின் வாய்விட்டுப் பேசுவது
அதனிடம் மட்டும்.

அன்று மாலை அது நடுமேட்டில் நின்று மேய்ந்தது.
நான் ஜன்னலிலிருந்து கத்தினேன்.
“வயிற்றுக்கு நல்லது, ஐரிஸ்” என்று சிரித்தான்.
சிரித்துக்கொண்டே சில்லறை எண்ணிக் கொடுத்தான்.

மிர் ரசீதை இருமுறை படித்தார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், “போதும்” என்றார்.
எனக்குக் கை கூசியது.
அவனிடம் இருந்த ஒரே நல்லதைக் கொண்டு
அவனைப் பிடித்திருந்தேன்.

நீதிமன்றப் படி ஏறும் முன்பே இறங்கி வந்தான்.
பாதித் தொகை, ஒரு பக்க மன்னிப்பு.
‘உண்மையல்ல என்று அறிந்தே எழுதினேன்.’
பலகையில் நான்கு ஊசி குத்தி மாட்டினேன்.
போட்டி ஹெப்டன் பக்கம் போனது போனதுதான்.
பெஸ் குளிர்காலத்தில் செத்ததாகக் கேள்வி, வயதாகி.

இந்த ஞாயிறு நல்ல வெயில்.
ஆட்டம் முடிந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.
அந்த மன்னிப்புக்கு நேர் கீழே நின்று
வினிஃப்ரெட் ஷூவின் அடியைத் துடைத்தாள்,
இரண்டு முறை, மிதியடி நகரும் அளவுக்கு.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வீட்டுக்கு வந்து கை கழுவினேன்,
சோப்புப் போட்டு,
முழங்கை வரை.