இரண்டு நட்சத்திரம்

எழுபத்து மூன்றில்
நான் கொடுத்தது இரண்டு நட்சத்திரம்.
அதில் ஒன்று அட்டைப்படத்துக்கு.

லண்டனில் ஒரு வார இதழ், மூன்றாம் மாடி,
அடிக்கடி மாட்டிக்கொள்ளும் டைப்ரைட்டர்.
எனக்கு இருபத்து நான்கு வயது.
யாரையும் ஒரே வரியில் சாய்க்கலாம் என்று
சம்பளம் கொடுத்துச் சொல்லியிருந்தார்கள்.

ஹல் துறைமுகத்துக் கோலின் ஆஸ்க்யூ,
மீன்பெட்டி சுமந்த தோளில் கிட்டார்.
ஆல்பத்தின் பெயர் 'உப்புக் கிடங்கு'.
எழுதினேன்:
"டிரம்ஸ் ஒவ்வொரு முறையும்
பஸ் போன பிறகுதான் நிறுத்தத்துக்கு வருகிறது."

அலுவலகமே சிரித்தது.
ஆசிரியர் எனக்கு ஒரு பியர் வாங்கித் தந்தார்.
ரெக்கார்டு எண்ணூறு விற்றது.
மிச்சமெல்லாம் கடைவாசலில்
பத்து பென்ஸ் பெட்டிக்குள் மழையில் ஊறியது.

பிறகு காதில் ஊக்குக் குத்திய பையன்கள் வந்தார்கள்.
முன்னால் இருந்த எல்லோரையும் திட்டினார்கள்,
அவனைத் தவிர.
திட்டு வாங்கவும் ஒரு முகவரி வேண்டும்.

எண்பத்தாறில் ராக் இசைக் கலைக்களஞ்சியம்.
முதல் எழுத்து என் பங்கு.
ஆஸ்க்யூவுக்கு ஒன்றரை வரி.
அச்சுக்குப் போகும்போது இடம் போதாமல்
அரை வரி.
அதிலும் பிறந்த வருடம் தப்பு.

தொண்ணூற்று மூன்று.
மினியாபோலிஸிலிருந்து நாலு பேர்,
கிழிந்த கம்பளிச் சட்டை, கோடி விற்பனை.
யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டதற்கு
'உப்புக் கிடங்கு' என்றார்கள்.
"எப்படித் தாமதிப்பது என்று
அந்த டிரம்ஸ்தான் சொல்லிக் கொடுத்தது."

ஒரே வாரத்தில் பத்து பென்ஸ்
நாற்பது பவுண்டு.

லீட்ஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள்.
தலைப்பு: வடகடல் தாளத்தில் தாமதத்தின் அரசியல்.
நான் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னாள்:
"மூன்றாம் அத்தியாயத்தில் நீங்கள் வருகிறீர்கள்,
தப்பாகக் கேட்ட காதுக்கு உதாரணமாக."

இரண்டாயிரத்து நான்கில் அதே இதழ்,
தலைசிறந்த நூறு ஆல்பங்கள்.
பதினேழாம் இடம், ஐந்து நட்சத்திரம்.
எழுதியது நான்தான்.
பின்னால் வந்த தாளத்தைக்
காலத்துக்கு முன்னால் வந்தது என்றேன்.
கை கூசவில்லை.

பத்து வருடம் கழித்து ஒரு புதியவன்
'தூக்கிவைத்துக் கொண்டாடியது போதும்' என்று
அறுபத்திரண்டுக்கு இறக்கினான்.
அவனுக்கும் இருபத்து நான்கு இருக்கும்.

ரெக்கார்டு மட்டும்
நாற்பத்தொரு நிமிடத்தில் முடிந்துகொண்டே இருந்தது.

சென்ற மார்ச்சில்
மறுபதிப்புக்குக் குறிப்பெழுத ஹல் போனேன்.
கோலினுக்கு எழுபத்தெட்டு. இடது காதில் கருவி.
வலது காது முழுக்கச் செத்துவிட்டதாம்.
கேட்டேன், அந்த டிரம்ஸ், அந்தத் தாமதம்,
யாருடைய யோசனை?

"யோசனையா?" என்றார்.
"டெரெக் ப்ளெங்கினுக்கு அந்த வாரம்தான்
படகு வின்ச்சில் இரண்டு விரல் நசுங்கியது.
வேறு ஆளுக்குக் காசில்லை.
பிப்ரவரி. மேலே வலைக்கிடங்கில் ரெக்கார்டிங்.
மீட்டரில் போட நாணயம் தீர்ந்தால் ஹீட்டர் நின்றுவிடும்.
அவன் கை வரும்வரை
நாங்கள் காத்திருந்தோம்.
அவ்வளவுதான்."

நான் எழுதியதை டெரெக் படித்தாரா?

"படித்தான். சிரித்தான்.
எல்லாருக்கும் வாசித்துக் காட்டினான்.
கோடையில் டிரம்ஸை விற்றுவிட்டான்."

ஐந்து நட்சத்திரம் வந்தபோது?

"அதற்குள் அவனைப் புதைத்து எட்டு வருஷம்."

கோலின் ரெக்கார்டை வைத்தார்.
வைத்துவிட்டுக் காதுக் கருவியைக் கழற்றி
தட்டில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.
நான் மட்டும் கேட்டேன்.
கிட்டார் போய்ச் சேர்ந்து நிற்கிறது.
ஒரு மூச்சு.
பிறகு அந்தக் கை.

வெளியே வந்தோம்.
ரயிலடிக்குப் போகும் பஸ் அப்போதுதான் கிளம்பிப்போனது.
அடுத்தது இருபது நிமிடம்.
போய்விடுங்கள், குளிர்கிறது என்றேன்.
அவருக்குக் கேட்கவில்லை.
கருவி இன்னும் தட்டிலேயே இருந்தது.
கூடவே நின்றார்.