சின்ன எழுத்து

கல்முனைக் கடையில் ஆறாயிரத்து எண்ணூறு.
முப்பது மில்லிலீட்டர். பழுப்புக் கண்ணாடி,
இருமல் மருந்துப் போத்தலுக்குத் தங்கச்சி மாதிரி.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கையில்
கன்னத்தில் ஏறிய கரும்படை
பிள்ளை இறங்கியும் இறங்கவில்லை.
"ராத்தா, ஆறு கிழமையில வித்தியாசம் தெரியும்"
என்றாள் கடையில் நின்ற ஷஹ்மியா,
வெயிலைக் கண்ணாடிக்குள் இருந்தே பார்க்கிறவள்.

நான் சம்மாந்துறை அரிசி ஆலையில் கணக்கெழுதுகிறேன்.
பெரிய எழுத்தை நம்பிப் பழக்கமில்லை.
மத்தியானம் மிஷின் நின்ற நேரம்
லெட்ஜருக்கு மேல் பெட்டியைப் பிரித்து விரித்து
விரல் வைத்து வரி வரியாய் இறங்கினேன்.

கூடியது முதலில், குறைந்தது பின்னால்,
அதுதான் ஒழுங்காம்.
முதல் வரி: தண்ணீர்.
பெரிய பங்காளி அவர்தான்.
அடுத்தது அஸ்கோர்பிக் அமிலம், பதினைந்து வீதம்.
வைட்டமின் சி என்று முகப்பில் மின்னுவது இதுதான்,
நேற்றிரவு சுள்ளென்று கடித்ததும் இதுதான்.
கிளிசரின், ஈரத்தைப் பிடித்து வைக்க.
டொக்கோபெரோல் என்றால் வைட்டமின் ஈ.
பீனொக்ஸிஎத்தனோல், பூஞ்சணத்துக்குக் காவல்.

ஒரு வீதத்துக்குக் கீழே வந்துவிட்டால்
யாரும் எங்கேயும் நிற்கலாமாம்,
பஸ்ஸின் பின்கதவுக் கூட்டம் போல.
அதற்குள் ஒருவர்: ஃபெருலிக் அமிலம்.
சி சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொள்கிறவர்.
எந்த ஊர் ஆள் என்று போனில் தேடினேன்.

தவிட்டிலும் இருக்கிறாராம்.
அரிசித் தவிட்டில்.

நிமிர்ந்து பார்த்தேன்.
சுவரோடு நாற்பத்திரண்டு மூட்டை,
நிந்தவூர்க் கோழிப்பண்ணைக்கு.
கிலோ எவ்வளவு என்று எழுதியதும் நான்தான்.
என் கல்குலேட்டர் இடுக்கில், முக்காட்டில், இமையில் அதே தூள்;
ஒன்பது வருடமாய் வீடு போனதும்
முதலில் கழுவித் தள்ளுவது.

"என்ன புள்ள, தனியச் சிரிக்காய்?"
மூட்டை தூக்கும் மீராலெவ்வை காக்கா.
சொன்னேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்ப அந்தக் கோழியளுக்கு
மூஞ்சி பளபளவென்று இருக்கோணுமே."

தவிட்டை அள்ளிப் பூசினால் அமிலம் ஆகாது,
தெரியும்.
நெல்லை மென்றால் சோறாகுமா?
பிரித்தெடுத்தவர்களுக்குக் கூலி உண்டு,
கப்பலுக்கு உண்டு, கண்ணாடிக்கு உண்டு,
ஷஹ்மியாவின் "ராத்தா"வுக்கும் கொஞ்சம்.

காற்றும் வெளிச்சமும் சூடும் ஆகாது என்று
பெட்டியின் கடைசி வரி.
இந்த ஊரில் மிச்சம் என்ன இருக்கிறது?
ஃபிரிட்ஜில், தயிர்ச் சட்டிக்குப் பின்னால் ஒளித்தேன்.
பிளேன்டீ நிறத்துக்கு வந்தால்
வீசிவிட வேண்டுமாம்.

வீட்டுக் கொப்பியில் எந்த நிரலில் போடுவது?
மருந்து என்று எழுதி வெட்டினேன்.
தண்ணீர் என்று எழுதினேன்.
அவர் கேட்டால்
முதல் வரியைக் காட்டுவேன்.