உலை வைத்தவர்கள்

துலூத்தில் ஜனவரி. பெரிய ஏரி
விளிம்பிலிருந்து உள்நோக்கி உறைகிறது.
தாதுக் கப்பல்கள் துறையில் படுத்துவிட்டன.
ஆர்விட் நைகார்ட் என்பவர் கையால் எழுதிய புகார்
ஐலி கொஸ்கெலாவின் மேசைக்கு வருகிறது:

'வருடாந்தரச் சோதனை, இருபத்தொன்பது டாலர் என்று விளம்பரம்.
வந்த பையன் நிலவறைக்குப் போனான்.
ஏறி வந்து ஒரு படம் காட்டினான்.
உலையில் விரிசல், விஷவாயு கசிகிறது,
இன்றிரவு தூங்கினால் எழமாட்டீர்கள் என்றான்.
சிவப்புச் சீட்டு ஒட்டி வாயுக் குழாயை மூடினான்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
பதினோராயிரத்து நானூறு டாலருக்குக் கையெழுத்துப் போட்டேன்.
பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.
படத்தில் ஆறு பர்னர். என்னுடையதில் நாலு.'

ஐலியிடம் துப்பாக்கி இல்லை.
கதவை உடைக்கும் ஆட்கள் இல்லை.
சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது,
அரசு முத்திரை போட்ட தாள் இருக்கிறது.
ஏமாற்றினார்கள் என்று இப்போதே நிரூபிக்க வேண்டியதில்லை.
ஏமாற்றியிருக்கலாம் என்று நினைக்கக் காரணமிருந்தால்
கேட்கலாம்.
அவ்வளவுதான். கேட்கலாம்.

கேட்டாள்:
மூன்று குளிர்காலத்துப் பணிச்சீட்டுகள் அத்தனையும்.
சிவப்புச் சீட்டு ஒட்டிய வீடுகள், முகவரியோடு.
பயிற்சிக் கையேடு, திருத்தியது, திருத்தாதது.
எத்தனை உலை விற்றால் எவ்வளவு கமிஷன்.
எதையும் கிழிக்காதீர்கள் என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.
முப்பது நாள் கெடு.

இருபத்தொன்பதாம் நாள்
நார்த் லான்டர்ன் ஹீட்டிங்கின் வக்கீல் எழுதினார்:
கேள்வி மிக அகலம். சுமை மிக அதிகம். மேலும் வியாபார ரகசியம்.
நீதிபதி பதினோரு நிமிடம் கேட்டார்.
'கொடுங்கள்' என்றார்.

கொடுத்தார்கள், பதினான்கு பெட்டி,
வேண்டுமென்றே கலைத்துப்போட்டு.
பீட்சா ரசீது, டயர் மாற்றிய பில்,
யாரோ மகளுக்கு வாங்கி அனுப்பாத பிறந்தநாள் அட்டை.
இது அரிசியில் கல் பொறுக்குவதல்ல,
கல்லில் அரிசி பொறுக்குவது.

ஏழாவது பெட்டியில் ஒரு விரிசல்.
மேலிருந்து இடப்பக்கம் சரிந்து, முனையில்
கோழிக்கால் போல் மூன்றாய்ப் பிரியும் விரிசல்.
எட்டாவதில் அதே கோழிக்கால்.
பள்ளி ஆசிரியை வீட்டில், ரயில்வேக்காரர் வீட்டில்,
பிறந்து ஒன்பது நாளான குழந்தை இருந்த வீட்டில்
அதே கோழிக்கால்.
இருநூற்றுப் பதினேழு வீட்டு உலைகளும்
ஒரே இடத்தில், ஒரே சாய்வில் வெடித்திருந்தன.
எல்லாவற்றிலும் ஆறு பர்னர்.

மைக்கா லண்ட்கிரென், இருபத்திரண்டு வயது,
வலக்கையைத் தூக்கிச் சத்தியம் செய்தான்.
'நிலவறையில் என்ன பார்த்தீர்கள்?'
'சிலந்தி வலை.'
'உலையில்?'
தட்டச்சுக்காரியின் விரல்கள் வெகுநேரம் சும்மா இருந்தன.
'திறக்கவில்லை. பத்து நிமிடம் நின்றுவிட்டு
மேலே வரச் சொல்லியிருந்தார்கள்.'
பிறகு, யாரும் கேட்காமலே,
'அந்தப் பெரியவர் எனக்கு சூப் கொடுத்தார்' என்றான்.

மறு வருடம் பனி உடைந்து
முதல் கப்பல் பாலத்துக்கடியில் ஊதிப் போன வாரம்
உடன்பாடு முடிந்தது.
டாலருக்கு அறுபத்திரண்டு சென்ட், நான்கு தவணையில்.
குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமல் என்று
எல்லாத் தாளிலும் வரும் அந்த வாசகத்தோடு.

ஐலி போனில் சொன்னாள்.
நைகார்ட் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.
'புதியது சத்தமே போடுவதில்லை.
இரவில் எழுந்து உட்கார்ந்து கவனிக்கிறேன்,
எரிகிறதா, இல்லையா.
பழையதை முப்பத்தொரு வருடம் நானே துடைத்தேன்.
அது நன்றாகத்தானே இருந்தது?'

அதை அன்றே பெயர்த்துப்
பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள்.
பவுண்டு ஒன்பது சென்ட்.
ரசீது பதினோராவது பெட்டியில்.
இந்த மாநிலத்தில் எந்த நிறுவனத்தையும்
எந்தத் தாளையும் கேட்கலாம் அவள்.

வயரில் காற்று ஓடும் இரைச்சல்.
'ஹலோ, கேட்கிறதா?' என்றார் அவர்.
'கேட்கிறது' என்றாள்.