கணுக்கால் உயரம்

சுஹார் தொழிற்பேட்டை. ஆகஸ்ட். பிற்பகல் இரண்டு.
கூரைத் தொட்டித் தண்ணீர் நாற்பத்து மூன்று டிகிரி.
இயந்திரம் விற்க வந்த பெஸ்தன்ஜியின் வழவழத் தாளில்
"குளிர்நீர் இருபது டிகிரி எனில்" என்று
எறும்பு எழுத்தில் ஒரு வரி.
அந்த "எனில்" மேல்தான்
மொத்த எஃகும் நிற்கிறது.

பேரீச்சங்கொட்டையை இடித்து
ஹெக்சேனில் ஊறவைத்தால் எண்ணெய் இறங்கிவிடும்.
அது சுலபம்.
ஹெக்சேனை ஆவியாக்கி, குளிர்வித்து,
சொட்டுச் சொட்டாகத் திரும்பப் பிடிப்பதில்தான் காசு.
நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மீட்பு என்கிறது தாள்.

மீட்பு.
நான் அந்தச் சொல்லை முதலில் கேட்டது அடகுக்கடையில்.
என் கல்லூரிக் கட்டணத்துக்குப் போன சங்கிலி
பதினான்கு மாதம் கழித்து வந்தபோது
கனம் குறையுது என்றாள் அம்மா.
கடைக்காரர் சிரித்தார். அப்பாவும்.
எங்கள் வீட்டில் தராசு இல்லை.

இங்கே இருக்கிறது.
நூறு கிலோ வரை, ஐந்து கிராம் துல்லியம்,
காலையில் நானே சரிபார்த்தது.

உள்ளே போனது அறுபது கிலோ.
வந்தது ஐம்பத்து நான்கு புள்ளி இரண்டு.
பிண்ணாக்கில் தங்கியது ஒன்று புள்ளி ஒன்பது.
எண்ணெயில் ஒளிந்தது கால் கிலோவும் கொஞ்சமும்.
மீதி மூன்றரைக் கிலோ?

"கொஞ்சம் காற்றில் போகும் மேடம், எங்கேயும் உள்ளதுதான்."
நல்ல மனிதர். எனக்கும் சேர்த்து மோர் வாங்கி வந்திருந்தார்.
தலைக்கு மேலே சுவரில் பொருத்திய
வாயு உணர்வியைக் காட்டினார்:
பச்சை விளக்கு. பூஜ்ஜியம்.

அதிகாலை மூன்று மணிக்கு மறுபடி ஓட்டினோம்.
தொட்டித் தண்ணீர் முப்பத்து நான்குக்கு இறங்கியிருந்தது.
ஐம்பத்தேழு புள்ளி ஆறு.
"பார்த்தீர்களா! இதை எழுதுங்கள்."
எழுதினேன், பக்கத்தில் மணியையும் எழுதினேன்.
ஹுமைத் பின் சாலிம் தன் ஆலையை
ஆந்தைகளை வைத்து நடத்துவதாக இருந்தால் வாங்கலாம்.

மறுநாள் மதியம்
டேக் பகதூர் குனிந்து ஷூ லேஸ் கட்டினான்.
நிமிர்ந்தவன் சுவரைப் பிடித்தான்.
வெயில் என்றான்.
முந்தாநாளும் இப்படித்தான் என்றான்,
பூட்டில்லாத பெட்டியைத் திறப்பதுபோல் சாதாரணமாக.

கையடக்க அளவியோடு நான் குந்தினேன்.
இடுப்பு வரை மௌனமாக வந்தது
வடிகால் மூடியருகே அலறியது.

ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம்.
தெரிந்ததுதான். பரீட்சையில் இரண்டு மதிப்பெண்.
புகைபோல் ஏறாது.
தரையோடு தரையாய்ப் படுத்து
பள்ளம் பார்த்து நகரும்.
தாளும் உணர்வியும் மேலே பார்த்திருக்க
என் மூன்றரைக் கிலோ
எங்கள் கணுக்காலைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

எந்த சுவிட்சையும் தொடாதே என்று கத்தினேன்.
பெஸ்தன்ஜி சட்டைப்பை செல்போனை
இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓடினார்.
வெளியே மதிலோரப் பெட்டியில்தான்
மின்சாரத்தை வெட்டினோம்.
பிறகு வெகுநேரம் மூவரும்
லாரியின் நிழலில் ஒன்றும் பேசாமல்.
மோர் சூடாகியிருந்தது. குடித்தோம்.

மதிப்பீட்டுப் படிவத்தில்
விலைக்கு ஒரு கட்டம், கொள்ளளவுக்கு ஒன்று,
மின்செலவுக்கு, உதிரிபாகத்துக்கு, மீட்பு சதவீதத்துக்கு.
லேஸ் கட்டியவனுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன், சற்று சாய்ந்த கையெழுத்தில்:
பகலில் தொண்ணூறு. குளிர்விப்பான் போதாது.
இணைப்பு வளையங்கள் கசிகின்றன.
உணர்வியைக் கணுக்கால் உயரத்துக்கு இறக்காமல்
இனி ஒரு சோதனையும் இல்லை.

"நாலே நாலு திருகாணி மேடம்,
இதையெல்லாம் அறிக்கையில் போடணுமா?"

போட்டாகிவிட்டது.
உணர்வி இப்போது தரையருகே இருக்கிறது.
டேக் பகதூர் அதைத் தாண்டும்போதெல்லாம்
ஒரு கணம் காலைப் பார்த்துக்கொள்கிறான்.
மேலே சுவரில்
நான்கு ஓட்டைகள் அப்படியே,
யாரும் பூசவில்லை.