சட்டகத்தில் மனிதர்கள்: பூஜ்யம்

உறைந்த கடலை விற்க முடியவில்லை.
ஹாப்சாலு விரிகுடா, நாற்பது நொடி, ஃபோர்-கே,
நாணல் நுனியெல்லாம் உறைபனி, தூரத்தில் ஒரு மரப்பாலம்.
'இதுபோல் எங்களிடம் ஏராளம்' என்று
இரண்டே நாளில் பதில் வந்தது.
சூரியோதயத்துக்கும் அதே பதில்.
இருப்பது ஒரு சூரியன், வேறெப்படி உதிக்கும்?

வெப்பப் பம்பு பழுதுபார்ப்பவன் நான்.
எதற்கு என்ன கேட்கலாம் என்று தெரியும்:
கம்ப்ரசர் போனால் இவ்வளவு,
வந்து எட்டிப்பார்த்ததற்கு இவ்வளவு,
ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒன்றரை மடங்கு.
மேலே போய் எட்டிப்பார்த்ததற்கு
எவ்வளவு கேட்பது?
எண்பது டாலர் போட்டேன், யாரும் சீந்தவில்லை.
முப்பது.
பிறகு ஒன்பது.
அதில் என் பங்கு நூற்றுக்கு முப்பத்தைந்து;
ஐம்பது டாலர் சேரும்வரை கையில் தரமாட்டார்கள்.
ட்ரோன் வாங்கிய காசை அதால் வகுத்துப் பார்த்த ராத்திரி
'என்ன தனியா சிரிப்பு?' என்றாள் பிரெத்.
பேரப்பிள்ளை காலத்தில் லாபம் வரும் என்றேன்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.
அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஜனவரியில் ஒரு மாலை,
பேட்டரியில் மிச்சமிருப்பதை வீணாக்குவானேன் என்று
ஆறு மணிக்கே மூடிவிடும் கட்டுமானக் கடையின்
வாகன நிறுத்தத்துக்கு மேலே,
இருபது மீட்டரில், கொஞ்சம் சாய்வாக நிறுத்தினேன்.
இருட்டில் பறந்தால் பச்சை விளக்கு மினுங்க வேண்டும், சட்டம்.
மினுங்கியது.
பனி பெய்தது என்று சொல்ல முடியாது, உதிர்ந்தது.
ஒன்பது ஆரஞ்சு விளக்குகள், கோடுகள் மறைந்த வெள்ளை,
ஒரே ஒரு கார்.
விரல் மரத்துப்போய் நான் எதையும் திருப்பவில்லை.
படம் அவ்வளவு அசையாமல் வந்தது அதனால்தான்,
திறமையால் அல்ல.

இதை எடுத்துக்கொண்டார்கள்.
ஒரே நிபந்தனை: எண் பலகை தெரிகிறது, மங்கலாக்கவும்.

மங்கலாக்க முதலில் பெரிதாக்க வேண்டும்.
இரண்டு மடங்கு. நான்கு மடங்கு.
மூன்று இலக்கம், மூன்று எழுத்து.
பார்க்கிங் கட்டணத்துக்காகக் கைப்பேசியில்
நானே நூறு தடவை அடித்த எண்.

மருந்துக்கடை ஏழுக்கு மூடும்.
அங்கிருந்து வீட்டுக்கு எட்டு நிமிடம்.
அவள் வருவது எட்டு மணிக்கு.
'கணக்கு முடிக்க நேரமாயிடுது' என்பாள்,
நானும் சூப்பை மறுபடி சுடவைப்பேன்.

பதினாலாவது நொடியில் வைப்பர் அசைகிறது.
ஒரே முறை.
விசிறி அளவுக்குக் கண்ணாடியில் கறுப்பு திறக்கிறது,
வெள்ளை அதை மூடிவிடுகிறது.

படிவத்தில் ஒரு கேள்வி:
சட்டகத்தில் மனிதர்கள் எத்தனை?
ஒன்று என்றால் அவருடைய ஒப்புதல் வேண்டும்,
கையெழுத்து, தேதி, சாட்சி ஒருவர்.
பூஜ்யம் என்றால் அடுத்த பக்கம்.

ஒப்புதல் தாளை அச்சிட்டேன்.
இன்வாய்ஸ் கட்டுக்கு அடியில் வைத்தேன்.
பூஜ்யம் போட்டேன்.

குறிச்சொல் ஐம்பதுவரை தரலாம்.
இரவு, பனி, கார், ஆரஞ்சு, மேலிருந்து,
காலியிடம், யாருமில்லை.
எட்டாவதாக எழுதியதை அழித்தேன்.

மார்ச்சுக்குள் பத்தொன்பது முறை விற்றுவிட்டது.
வாங்கியவர் பெயர் சொல்லமாட்டார்கள், நாடு மட்டும்:
பிரேசில், ஜப்பான், இரண்டு தடவை ஜெர்மனி.
கார் காப்பீட்டு விளம்பரமோ, கொலை விசாரணைத் தொடரோ,
மனச்சோர்வு மாத்திரையோ.
அந்த மாத்திரை அவள் கடை அலமாரியிலேயே இருக்கும்.

ஐம்பத்தொன்பது டாலர், எண்பத்தைந்து சென்ட்.
'கிராக்கி இருக்கிறது, விலையை ஏற்றுங்கள்'
என்று அவர்களே யோசனை சொன்னார்கள்.
ஒன்பதிலேயே விட்டுவிட்டேன்.
ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.
ட்ரோன் பெட்டிக்குள் இருக்கிறது, ஜனவரியிலிருந்து.

நேற்று எட்டு மணிக்கு வந்தாள்.
குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தபடியே,
சொல்ல வேண்டும் என்றில்லாமல் சொன்னாள்:
'அந்தப் பச்சை வெளிச்சம்
இப்பல்லாம் வர்றதில்ல.'

சூப் பொங்கப் பார்த்தது.
அடுப்பைக் குறைத்தேன்.